அட்டைகளால் உலகை இணைக்க முயன்ற அறிஞர் பால் ஒட்லே

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நூலக வாரம் கொண்டாடினோம். நூலகத்திலுள்ள மூன்று அலமாரி நூல்களுக்குப் பட்டியல் எழுதித் தரும்படி நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி எங்கள் மூவரிடம் கூறினார்கள். ஆளுக்கோர் அலமாரி, ஆளுக்கொரு நோட்டு. நான்கு நாள்கள் மதிய இடைவேளையில் அமர்ந்து எழுதி முடித்தோம்.

மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் வினை வந்தது. நான் ஆசிரியர் பெயரை முதலில் எழுதியிருந்தேன். ஒரு தோழி நூலின் பெயரை முதலில் எழுதியிருந்தாள். மற்றொருத்தி கதை, கவிதை, அறிவியல் என்று பொருள்வாரியாகப் பிரித்திருந்தாள். என் நோட்டில் 'வரதராசன், மு.' என்று இருந்தவர் தோழியின் நோட்டில் 'மு.வ.' என்று இருந்தார். ஒருவரே இருவராகிவிட்டார்! மூன்று பட்டியல்களிலும் பிழை ஏதும் இல்லை. ஆயினும் மூன்றையும் ஒன்றாக்க எங்களால் இயலவில்லை.

சகோதரி கோபித்துக்கொள்ளவில்லை. எங்களுடைய இதே தொல்லையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலக அளவில் தீர்க்க முயன்ற ஒருவர் பெல்ஜியம் நாட்டில் வாழ்ந்தார் என்றும், அவர் வரலாற்றைப் படித்துப் பார்க்கும்படியும் சொன்னார்கள். அவர்தாம் பால் ஒட்லே. அவ்வாறு படித்து அறிந்ததையே அன்பார்ந்த தோழியரே, உங்கள் முன் வைக்கிறேன்.

பிறப்பும் இளமையும்

பால் ஒட்லே 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் பிறந்தார். தந்தையார் எடுவார் ஒட்லே, பல நாடுகளில் டிராம் வண்டித் தொழில் நடத்திச் செல்வம் சேர்த்தவர். செல்வம் இருந்தும் அன்னையின் மடி அக்குழந்தைக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. ஒட்லேயின் குழந்தைப் பருவத்திலேயே தாயார் 24-ஆம் வயதில் காலமானார்.

வகுப்பறை குழந்தையின் அறிவை முடக்கிவிடும் என்று தந்தை கருதினார். ஆகவே பதினொரு வயது வரை ஆசிரியர்களை வீட்டுக்கே வரவழைத்துக் கற்பித்தார். இதனால் சிறுவனுக்கு விளையாட்டுத் தோழர்கள் மிகக் குறைவு. புத்தகங்களே தோழர்களாயின. பின்னர்ப் பாரிஸிலும் பிரஸ்ஸல்ஸிலும் இயேசு சபையினர் நடத்திய பள்ளிகளில் பயின்றார். மற்ற மாணவர்கள் விளையாடச் செல்லும் நேரத்திலும் இவர் நூலகத்தில் அமர்ந்து நூற்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பாராம். நமக்குப் பட்டியல் என்றாலே சலிப்பு. அவருக்கோ அது ஓர் அதிசயமாகத் தோன்றியது.

லூவேன் நகரிலும் பிரஸ்ஸல்ஸிலும் உயர்கல்வி கற்று, 1890-இல் சட்டப் பட்டம் பெற்றார். புகழ்பெற்ற வழக்கறிஞர் எட்மோன் பிக்கார் என்பவரிடம் தொழில் பழகினார். ஆனால் நீதிமன்றத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. சட்ட நூல்களுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலையே அவரை ஈர்த்தது.

இணைபிரியா நண்பர்

இக்காலத்தில் ஆன்றி லா ஃபொந்தேன் என்னும் சட்ட அறிஞரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. லா ஃபொந்தேன் வயதில் 14 ஆண்டுகள் மூத்தவர். உலக அமைதிக்காக உழைத்தவர். 1913-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசைப் பெற்றவர். நாடுகள் ஒன்றையொன்று அறியாமையால்தான் பகை வளர்கிறது என்றும், ஒரு நாட்டின் அறிவு மற்ற நாட்டுக்குத் தடையின்றிச் சென்றால் அமைதி மலரும் என்றும் இருவரும் நம்பினர். எனவே பட்டியல் எழுதுவது அவர்களுக்கு வெறும் எழுத்தர் வேலையாக இருக்கவில்லை. உலக அமைதிக்குச் செய்யும் தொண்டாக இருந்தது.

லா ஃபொந்தேனின் சகோதரி லெயோனியும் இப்பணியில் துணை நின்றார். பெண்களின் உரிமைக்காகப் போராடிய அவ்வம்மையார், பெண்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வைக்க 1909-இல் தனி அலுவலகம் ஒன்றையே நிறுவினார். அட்டைகளை எழுதி அடுக்கிய பணியாளர்களிலும் பெண்கள் பலர் இருந்தனர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியாகும்.

தீர்க்க வேண்டிய சிக்கல்

அக்காலத்தில் ஐரோப்பாவில் நூலகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு பட்டியல் முறையை வைத்திருந்தது. சில இடங்களில் பெரிய பேரேடுகளில் எழுதினர்; சில இடங்களில் தாள்களில் எழுதினர். ஓரிடத்தில் ஆசிரியர் பெயர் வரிசை, வேறோர் இடத்தில் நூல் வந்து சேர்ந்த வரிசை. பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என்று மொழியும் வேறு வேறு. காச நோயைப் பற்றி உலகில் இதுவரை என்னென்ன எழுதப்பட்டுள்ளன என்று ஒரு மருத்துவர் அறிய விரும்பினால், நகரம் நகரமாகச் சென்று, ஒவ்வொரு நூலகத்தின் முறையையும் புதிதாகக் கற்றுக்கொண்டு தேட வேண்டியிருந்தது. எங்கள் மூன்று நோட்டுகளின் கதைதான்! ஆனால் அங்கே மூன்று அல்ல, ஆயிரக்கணக்கான நோட்டுகள்.

எண் என்னும் பொதுமொழி

1895-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நூலகர் மெல்வில் டியூவி 1876-இல் வெளியிட்டிருந்த பதின்மப் பகுப்பு முறை ஒட்லேயின் பார்வைக்கு வந்தது. அறிவு முழுவதையும் பத்துப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றையும் மேலும் பத்தாக்கி, எண்களால் குறிக்கும் முறை அது. ஒட்லேயின் உள்ளம் துள்ளியது. எண்ணுக்கு மொழி ஏது? பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் தமிழருக்கும் 5 என்றால் 5 தானே! டியூவிக்குக் கடிதம் எழுதி அனுமதி பெற்று, நண்பர்கள் இருவரும் அதனை விரிவாக்கத் தொடங்கினர்.

அவர்கள் சேர்த்த புதுமை, எண்களை இணைக்கும் குறிகளாகும். இன்று வழக்கிலுள்ள அம்முறையில் விலங்கியலுக்கு 59, வேளாண்மைக்கு 63, இந்தியாவுக்கு (540) என்னும் எண்கள் உள்ளன. ஆகவே 63(540) என்று எழுதினால் இந்திய வேளாண்மை என்று பொருள். இரண்டு பொருள்களைச் சேர்த்துக் கூறும் நூலுக்குக் கூட்டல் குறியையும், ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பைக் காட்ட முக்காற்புள்ளியையும் இட்டனர். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைப்பதுபோல எண்களைச் சேர்த்துப் பொருளை உணர்த்தலாம். இம்முறையே 'உலகப் பதின்மப் பகுப்பு முறை' என்று பெயர் பெற்றது. 1907-க்குள் இதன் முதல் முழுப் பதிப்பு பிரெஞ்சு மொழியில் வெளிவந்து முடிந்தது.

ஒரே அளவுள்ள அட்டை

பொதுமொழி கிடைத்தால் மட்டும் போதுமா? எழுதும் இடமும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமல்லவா? பேரேட்டில் எழுதினால் இடையில் புதிய வரியைச் செருக முடியாது. ஆகவே ஒரு நூலுக்கு ஓர் அட்டை என்று வகுத்தனர். அதன் அகலம் 12.5 செ.மீ., உயரம் 7.5 செ.மீ. எந்த நாட்டில் எழுதிய அட்டையானாலும் இந்த அளவில் இருந்து, மேலே பகுப்பு எண்ணும் இருந்தால், பிரஸ்ஸல்ஸ் இழுப்பறையில் தன் இடத்தில் போய் அமர்ந்துவிடும்.

இது வெறும் கனவாக நின்றுவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஹெர்பர்ட் ஃபீல்டு என்னும் அமெரிக்க விலங்கியலார் நடத்திய நிலையம் இம்முறையை ஏற்றுக்கொண்டது. அங்கு அச்சிட்ட விலங்கியல் அட்டைகள், எந்த மாற்றமும் செய்யாமலே பிரஸ்ஸல்ஸ் தொகுப்பில் சேர்ந்தன. முன்பின் ஒன்றாக இருந்து வேலை செய்யாத இரண்டு நிலையங்களின் உழைப்பு ஒன்றாயிற்று.

1895 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் அனைத்துலக மாநாடு கூடியது. அனைத்துலக நூற்பட்டியல் நிறுவனம் பிறந்தது. பெல்ஜிய அரசும் துணை நின்றது. அவ்வாண்டு முடிவதற்குள் 4,00,000 அட்டைகள் சேர்ந்திருந்தன. 1930-களில் இத்தொகை 1 கோடியே 20 லட்சத்தையும் தாண்டியது. இவை எல்லாம் கையாலும் தட்டச்சாலும் எழுதி, கையாலேயே அடுக்கியவை என்பதை எண்ணும்போது வியப்பால் நம் கண்கள் விரிகின்றன.

அஞ்சலில் வந்த கேள்விகள்

1896 முதல் அஞ்சல் வழியே கேள்விகளுக்கு விடை அனுப்பும் பணி தொடங்கியது. எவரும் கட்டணம் செலுத்தித் தாம் விரும்பும் பொருளைக் குறித்து எழுதலாம். பணியாளர் உரிய இழுப்பறையைத் திறந்து, அப்பொருள் பற்றிய அட்டைகளைப் படியெடுத்து அனுப்புவார். பூமராங் என்னும் எறிகருவி பற்றியும் கேள்வி வந்தது. பல்கேரிய நாட்டு நிதிநிலை பற்றியும் கேள்வி வந்தது. 1912-க்குள் ஆண்டுக்கு 1,500-க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு விடை சென்றது. ஒரு கேள்விக்கு 50-க்கு மேல் அட்டைகள் கிடைக்கும்போல் இருந்தால், முன்கூட்டியே கேட்டவரை எச்சரிப்பார்களாம். கணினியில் ஒரு சொல்லைத் தட்டி ஆயிரக்கணக்கில் விடை பெறும் நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கத்தின் முதல் படி இதுவேயாகும்.

இணங்காதவர்கள்

எல்லாரும் ஒட்லேயின் வழியை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. லண்டனிலுள்ள ராயல் சொசைட்டி, அறிவியல் கட்டுரைகளுக்கு உலகப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க 1896-இல் மாநாடு கூட்டியது. அங்குப் பதின்மப் பகுப்பு முறையை ஏற்க மறுத்து, தமக்கெனத் தனி முறை வகுத்துக்கொண்டனர். ஒரே வேலையை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் செய்ய நேர்ந்தது. அப்பட்டியலும் முதல் உலகப் போரினால் தடைப்பட்டு நின்றுபோயிற்று. இதைப் படித்தபோது, என் முறையே சிறந்தது என்று நானும் தோழியரும் ஒரு மதிய வேளை முழுவதும் வாதாடியது என் நினைவுக்கு வந்தது. அறிஞர் பெருமக்களுக்கும் பத்தாம் வகுப்பு மாணவியருக்கும் இதில் வேறுபாடு இல்லை போலும்!

போரும் துயரமும்

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. அமைதிக்காக அட்டை எழுதியவரின் நாட்டிலேயே பகைவர் படை புகுந்தது. ஒட்லேயின் இளைய மகன் ழான், அவ்வாண்டு ஈசர் ஆற்றங்கரைப் போரில் உயிரிழந்தான். பெற்ற மனம் எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும்! வேறொருவராக இருந்தால் மனிதர்மேலேயே நம்பிக்கை இழந்திருப்பார். ஆனால் ஒட்லே அப்போரின் நடுவிலேயே, நாடுகள் அனைத்தும் கூடிப் பேசித் தம் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்று வேண்டும் என்று எழுதினார். மகனைப் பறித்த பகையை ஒழிக்க அவருக்குத் தெரிந்த வழி அதுவே.

போர் முடிந்தபின், 1920-இல் பிரஸ்ஸல்ஸிலுள்ள பெரிய அரசுக் கட்டடம் ஒன்றில் 'உலக மாளிகை' உருவாயிற்று. அட்டைகள், நூல்கள், செய்தித்தாள்கள், படங்கள், அருங்காட்சியகம் என்று அனைத்தும் அங்கு ஒருங்கே இடம்பெற்றன. பின்னர் அதற்கு 'முண்டேனியம்' என்று பெயரிட்டார். நம் சண்டிகர் நகரைப் பிற்காலத்தில் வடிவமைத்த லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞர், ஜெனீவாவில் இதற்கெனப் பெரியதொரு நகரத்தையே வரைந்து தந்தார். ஆனால் அது கட்டப்படவே இல்லை.

மூடிய கதவு

அரசின் ஆதரவு நாளடைவில் தேய்ந்தது. 1924-இல் ரப்பர் வணிகக் கண்காட்சி ஒன்றுக்காக மாளிகையைக் காலி செய்யச் சொன்னார்கள். அறிவின் கருவூலத்தைவிட ரப்பர் பெரிதாயிற்று! மீண்டும் ஒழுங்குபடுத்தி நடத்திவந்ததை 1934-இல் அரசு அடியோடு மூடிவிட்டது. 66 வயதை நெருங்கிய ஒட்லே, மூடிய கதவின் முன் நின்று தம் எதிர்ப்பைக் காட்டினார். கதவு திறக்கவில்லை.

அதே 1934-ஆம் ஆண்டில்தான் தம் வாழ்நாள் அனுபவம் முழுவதையும் திரட்டி ஆவணவியல் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். எதிர்காலத்தில் ஆய்வாளரின் மேசைமேல் புத்தகமே இராது என்றும், ஒரு திரையும் தொலைபேசியும் மட்டும் இருக்கும் என்றும், எங்கோ தொலைவில் உள்ள நூலின் பக்கம் கேட்டவுடன் அத்திரையில் தோன்றும் என்றும் அவர் அந்நாளிலேயே கற்பனை செய்தார். மின்னணுக் கணினி பிறக்காத காலம் அது என்பதை மறக்கலாகாது.

இறுதிக் காலம்

1940-இல் ஹிட்லரின் படை பெல்ஜியத்தைக் கைப்பற்றியது. ஜெர்மானியக் கலைக் கண்காட்சிக்கு இடம் வேண்டும் என்று மாளிகையிலிருந்த தொகுப்பை அப்புறப்படுத்தினர். டன் கணக்கான ஆவணங்கள் அழிந்தன. எஞ்சியவை ஒரு பூங்காவிலிருந்த பழைய கட்டடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1943-இல் உயிர் நண்பர் லா ஃபொந்தேன் மறைந்தார். 1944 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விடுதலை பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பால் ஒட்லே கண்மூடினார். அவரை உலகம் மறந்துபோயிற்று.

1968-இல் பாய்டு ரேவார்டு என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அப்பழைய கட்டடத்துக்குள் சென்றபோது, ஒட்லேயின் தாள்கள் தூசி படிந்து குவிந்து கிடந்தன. அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1975-இல் வெளிவந்த பிறகே உலகம் மீண்டும் ஒட்லேயைத் திரும்பிப் பார்த்தது. 1998-இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் முண்டேனியம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2013-இல் அந்த அட்டைத் தொகுப்பை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நிலைத்து நின்றது எது?

இவர் வாழ்வு வெற்றியா, தோல்வியா? முதலில் படித்தபோது தோல்வி என்றே எண்ணி வருந்தினேன். மாளிகை போயிற்று, மகன் போனான், எதற்காக உழைத்தாரோ அந்த அமைதியும் வரவில்லை. ஆனால் மறுமுறை படித்தபோது ஒன்று புலப்பட்டது.

ஒட்லே இரண்டு காரியங்கள் செய்தார். உலக அறிவை எல்லாம் ஒரே மாளிகையில் குவிக்க முயன்றார். தனித்தனியே உள்ள பட்டியல்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்குப் பொது விதி வகுத்தார். குவித்தது சிதறிவிட்டது. விதியோ நிலைத்துவிட்டது. உலகப் பதின்மப் பகுப்பு முறையை இன்றும் ஏறத்தாழ 130 நாடுகளில் பயன்படுத்துகின்றனர். ஒரு கட்டடத்தைப் பூட்டலாம். பல நாட்டவரும் ஏற்றுக்கொண்ட ஒரு விதியை யாரால் பூட்ட முடியும்?

பிற்காலத்தில் கணினித் துறையிலும் இதே சிக்கல் எழுந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தரவுகளைத் தன் விருப்பப்படி ஒரு தரவுத்தளத்தில் வைத்திருந்தது. ஒன்றில் உள்ளதை மற்றொன்று புரிந்துகொள்ளவில்லை. 1970-களிலும் 1980-களிலும் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். 1985-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மாநிலங்கள் சேர்ந்த கூட்டாட்சியைப் போலத் தரவுத்தளங்களும் கூடி இயங்கலாம் என்னும் அமைப்பை விளக்கினர். ஒவ்வொன்றும் தன் இடத்தில், தன் முறைப்படியே இருக்கும். பகிர்ந்துகொள்ள விரும்புவதை மட்டும் பொதுவான ஒரு விளக்கத்தின்படி வெளிப்படுத்தும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டிக் குவிக்க வேண்டியதில்லை. சூரிச் அட்டை பிரஸ்ஸல்ஸ் இழுப்பறையில் பொருந்தியதன் இரகசியமும் இத்தகையதே அல்லவா?

நம் நாட்டு நூலகத் தந்தை சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களையும் இங்கு நினைவுகூர்தல் தகும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்ட அப்பெருமகனார், ஒட்லே தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த அனைத்துலகக் கூட்டமைப்பில் துணைத் தலைவராகவும் விளங்கினார். பெல்ஜியத்தில் ஏற்றிய விளக்குக்கு நம் தமிழரும் எண்ணெய் வார்த்தார் என்பது நமக்குப் பெருமையன்றோ!

முடிவுரை

எங்கள் மூன்று நோட்டுகள் என்னவாயின என்று கேட்கிறீர்களா? சகோதரி எங்களுக்கு ஒரு கட்டு வெற்று அட்டைகளைக் கொடுத்து, எழுதத் தொடங்கும் முன் எந்த வரியில் எதை எழுதுவது என்று மூவரும் பேசி முடிவு செய்யுங்கள் என்று கூறினார்கள். முடிவு செய்வதற்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று. ஆசிரியர் பெயர் முதலில் என்பதில் நான் வென்றேன். பொருள்வாரியாக அடுக்குவதில் தோழி வென்றாள். மற்றவளின் அழகிய கையெழுத்தே எல்லா அட்டைகளின் தலைப்பிலும் இடம்பெற்றது. அதன்பின் மூன்று அலமாரிகளும் மூன்றே நாளில் முடிந்தன. மு.வ. அவர்களும் மீண்டும் ஒருவரானார்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஆனால் வடத்தை எந்தப் பக்கம் இழுப்பது என்று முதலில் ஊர் இணங்க வேண்டுமே! ஒருவர் தம் முறையைச் சிறிது விட்டுக்கொடுத்தால் பலருடைய உழைப்பு ஒன்றாகும். அட்டையின் அளவைப் போன்ற சிறிய செய்தியில்கூட மனிதர் ஒத்துப்போவது எத்துணைக் கடினம் என்பதையும், ஒத்துப்போனால் எத்துணைப் பயன் விளையும் என்பதையும் பால் ஒட்லேயின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. நம் நூலகத்துக்குச் செல்லும்போது அட்டைப் பெட்டியின் இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள், தோழியரே. அதில் நாங்கள் மூவர் எழுதிய அட்டைகளும் இருக்கின்றன.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி